பொட்டிக்குள்ள ஓடாத கம்ப்யூட்டர்

உங்க ஊட்டுக்கு மொதமொதல்ல கம்ப்யூட்டர் வந்த அன்னிக்கு என்னங்க பண்ணுனீங்க? எங்க ஊட்டுல எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்குனோம். சிரிக்காதீங்க. லாரிக்காரன் ஊட்டுக்குப் புதுசா ஒரு மிஷின் வந்து, அதுக்கு அடியில பழம் வெக்கலீன்னாத்தான் அதிசயம். சக்கரம் இருந்தா ஏத்தி நசுக்கிரலாம். இதுக்குச் சக்கரம் எங்க இருக்குது? அப்பா அந்தக் காலிப் பொட்டியச் சுத்திச் சுத்திப் பாத்தாரு. அப்பறம் அதத் தூக்கி, அடியில இருந்த ரப்பர்க் காலு ஒண்ணுக்குக் கீழ பழத்த வெச்சு, ரெண்டு கையாலயும் ஒரே அமுக்கா அமுக்குனாரு. சாறு தெறிச்சு அத்தையோட புதுக் கீபோர்டு மேல உழுந்துச்சு. "ஐயோ, அண்ணா!"ன்னு அத்தை போட்ட சத்தம் ஹைவேஸ் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்.

கண்ணாடிய நெத்தி மேல ஏத்தி வெச்சுக்கிட்டே ஊடெல்லாம் கண்ணாடியத் தேடுற வயசு நமக்கு வந்திருச்சு. இன்னிக்கு போன் ஓடலீன்னு கடைக்குக் கொண்டு போனா, அந்தத் தம்பி தொட்டுக்கூடப் பாக்காம "புதுசு வாங்கிருங்க்கா"ங்குது. தொறந்து பாக்கலாம்னா அதுல ஒரு திருகாணி கூடக் கெடையாது. உள்ள என்னதான் இருக்குதுன்னு பாக்காமயே ஒரு சாமானத் தூக்கிப் போட எனக்கு இன்னிக்கும் கை வர மாட்டேங்குது. அதுக்குக் காரணம் அந்த ஒரு முழுப்பரிச்ச லீவுதான். அந்த லீவுல ஒரு வாரம் பூராவும், ஒரு கம்ப்யூட்டரு ஏன் ஓட மாட்டேங்குதுன்னு ரோசன பண்றதே எங்களுக்கு வேலையாப் போச்சு.

எங்க ஊடு சங்ககிரியில ரோட்டோரம். ஒரு பக்கம் பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டுற பட்டறை. இன்னொரு பக்கம் லாரிக்குப் பாடி கட்டுற ஷெட்டு. காத்தால எந்திரிச்சா ரப்பர் வேகுற வாசம், பொழுதோட ஆனா பெயிண்ட் வாசம். ரெண்டுக்கும் நடுவுல அம்மா கொழம்பு தாளிக்கிற வாசம் வந்து சேர்றதுக்குள்ள படாத பாடு பட்டுரும். கொல்லப்பக்கம் நின்னா மலைக்கோட்டை தெரியும். ஆனா எங்களுக்கு மலையப் பாக்க ஏது நேரம்? ரோட்டுல போற லாரியோட ஹாரன் சத்தத்த வெச்சு அது எந்த ஊரு வண்டின்னு பந்தயம் கட்டறதுக்கே நேரம் பத்தாது.

அப்பாவுக்குச் சொந்தமா ஒரே ஒரு லாரி. அவரே முதலாளி, அவரே டிரைவர். லைனுக்குப் போனா திரும்பி வர்றதுக்கு நாளாகும். வந்ததும் அவரு செய்யற மொத வேல, சின்ன இரும்புத் தடியால டயரத் தட்டித் தட்டி வண்டிய ஒரு சுத்துச் சுத்தறது. அப்படிச் சுத்தையில எங்கயாச்சும் ஒரு ஓட்டையில போல்ட் இல்லாம இருந்துச்சுன்னா அவ்வளவுதான், அதப் போட்டு முறுக்குற வரைக்கும் சோறு உண்ண வர மாட்டாரு. "ஒரு போல்ட்டு தான?"ன்னு அம்மா கேட்டா, "அந்த ஒரு போல்ட்டு நடு ரோட்டுல நிறுத்தும்"பாரு. லாரியோட நின்னாப் பரவால்ல. அம்மாவோட தையல் மிஷின்ல எதுக்கோ உட்டிருந்த ஓட்டையில ஒரு போல்ட்டு. என்னோட இஸ்கோல் பொட்டியில ஆணி உழுந்த எடத்துல ஒரு போல்ட்டு. எல்லாத்துலயும் கிரீஸ் தடவித்தான் முறுக்குவாரு, துருப்புடிக்கக் கூடாதாம். எங்க ஊட்டுல எந்தச் சாமானத் தொட்டாலும் அவரோட கருப்புப் பெருவெரல் ரேகை ஒண்ணு இருக்கும். இஸ்கோல்ல என் பொட்டியத் தொறந்தா பக்கத்துல உக்காந்திருக்கறவ மூக்கப் புடிச்சுக்குவா.

அத்தை அவரோட தங்கச்சி. கல்யாணத்துக்கு முன்னால தெனம் பஸ்ஸேறி சேலம் போயி கம்ப்யூட்டர் கோர்ஸ் படிச்சுச்சு. படிப்பு முடியறப்ப, அப்பா லோடு ஏத்தப் போன எடத்துல, டீக்கடை பெஞ்சில ஒருத்தரு பேச்சுக்குடுத்து, "ஊட்டுல பொண்ணு இருக்குதாமே?"ன்னு கேட்டிருக்காரு. டீ ஆறறதுக்குள்ள சம்மந்தம் முடிஞ்சிருச்சு. அப்பா ஊட்டுக்கு வந்து சொன்னப்ப அம்மா, "அம்மிணியக் கேட்டீங்களா?"ன்னு கேட்டுச்சு. "கேக்கறதுக்கு என்ன இருக்குது? வயசாச்சு, எடம் நல்ல எடம்"னாரு அப்பா. ஆத்தூருப் பக்கம் குடுத்தோம். அவங்க பேச்சுல 'ங்க' கம்மியா இருக்கும். எனக்கு அது ஒரு ஆச்சரியம். சண்டை போடறாங்களா சாதாரணமாப் பேசறாங்களான்னே தெரியாது.

அந்த லீவுக்குச் சித்த முன்னால ஒரு நா பொழுதோட, அத்தை ஒத்தப் பையோட வந்து எறங்குச்சு. அம்மாவ அத்தை 'நங்கை'ன்னுதான் கூப்புடும். அடுப்படியில உக்காந்துக்கிட்டு, "அங்க ஒரு டம்ளரு எடுக்கோணும்னாலும் நான் கேட்டுத்தான் எடுக்கோணுங் நங்கை. என்னைய மட்டும் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க"ன்னு சொன்னது எங்காதுல உழுந்துச்சு. அழுகல. வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொல்லுச்சு, அதனால அழுதிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது. என்ன இது, கேக்காததுக்கெல்லாம் ஒருத்தரு வெசனப்படுவாங்களான்னு நெனச்சேன். எங்கிட்டயும் யாரும் ஒண்ணும் கேக்கறதில்லையே.

அத்தைகிட்ட ஒரு ரோசன இருந்துச்சு. திருச்செங்கோட்டுல ஒரு பிரஸ்காரரு, கல்யாணப் பத்திரிகைக்குத் தமிழ்ல டைப் பண்ணி பிளாப்பியில போட்டுக் குடுத்தா வருசம் பூரா வேல தர்றேன்னு சொல்லியிருந்தாரு. அத்தை கையில கெடந்த வளையல வித்துப்போட்டு, சேலம் போயி சாமானா வாங்கியாந்துச்சு. முழு மிஷினா வாங்கல. தனித்தனியா வாங்கி நானே பூட்டிக்கறேன்னு வந்து நின்னுச்சு. அப்பா திட்டுனாரு, பழமும் நசுக்குனாரு. ரெண்டும் ஒரே நாள்ல.

மறுநாளு காத்தால கட்டில் மேல பேப்பர விரிச்சு அத்தை வேலைய ஆரம்பிச்சுச்சு. அந்தச் சாமானோட வாசம் இன்னிக்கும் எம்மூக்குல இருக்குது. தெர்மாகோலு கிரீச்னு கத்தும். வெள்ளி நெறத்துக் கவரு, ரோஸ் கலர் பஞ்சு, வெரலால அமுக்குனா பட்டுபட்டுன்னு ஒடையற பிளாஸ்டிக்கு. கவரெல்லாம் எனக்குன்னு எழுதி வாங்காத குறை. பச்சைக் கலர்ல ஒரு பெரிய அட்டை, அது மேல குட்டி ஊரு ஒண்ணக் கட்டி வெச்சாப்புல என்னென்னமோ. "இது மதர்போர்டு சாமி. இதுலதான் எல்லாமே வந்து சேரும்"னு அத்தை சொல்லுச்சு.

"அப்ப ஃபாதர்போர்டு எங்கத்தை?"

"அது லைனுக்குப் போயிருக்குது"ன்னுச்சு அத்தை. அம்மா அடுப்படியில இருந்து சிரிச்ச சிரிப்புல கரண்டி கீழ உழுந்துச்சு.

பொட்டியப் படுக்க வெச்சு, அதோட தகட்டுல குட்டிக் குட்டியாப் பித்தளைக் காலுகள அத்தை வெரலாலயே முறுக்குச்சு. போர்டு தகட்டுல படாம அந்தக் காலுக மேல நிக்கோணுமாம். மிச்சக் காலுக ஒரு சின்னக் கவர்ல கெடந்துச்சு. அதுல ஒண்ணக் குடுங்கத்தைன்னு கேட்டேன், குடுக்கல. அப்பறம் பாத்தா, எல்லாத்தையும் சொருகறதுக்குக் கரண்டு பெட்டி பத்தல. நாங்க ரெண்டு பேரும் எக்ஸ்டென்ஷன் வாங்கக் கடைக்குப் போனோம்.

திரும்பி வந்தப்ப, லோடு ஏத்தற எடத்துல இருந்து அப்பா சோத்துக்கு வந்து, உண்டுட்டு, ஃபேனுக்கு அடியில தூங்கிட்டிருந்தாரு. "உங்கண்ணன் சித்த நேரம் அந்தப் பொட்டிகிட்டயே உக்காந்திருந்தாரு அம்மிணி. நல்லாத்தான் கட்டறான்னு சொன்னாரு"ன்னுச்சு அம்மா. அத்தை மூஞ்சி பூத்துப் போச்சு. பொட்டியோட ஓரத்துல கருப்பா ஒரு பெருவெரல் ரேகை. அத்தை சிரிச்சுக்கிட்டே அதத் தாவணித் துணி ஒண்ணுல தொடச்சுட்டு, போர்ட எடுத்துக் காலுக மேல வெச்சு, திருகாணி போட்டுச்சு.

பொழுதோட எல்லாரும் சுத்தி நின்னோம். டிவி மாதிரி இருந்த பெட்டிக்குச் சந்தனப் பொட்டு, குங்குமம். அப்பா கையெடுத்துக் கும்பிட்டாரு. அத்தை சுவிட்ச அமுக்குச்சு. பொறகால இருந்த ஃபேனு அரைச் சுத்துச் சுத்துச்சு. நின்னுருச்சு. பச்சை லைட்டு ஒரு சிமிட்டுச் சிமிட்டிட்டு அணைஞ்சு போச்சு. மறுக்கா அமுக்குச்சு. அதே அரைச் சுத்து.

"பேட்டரி டவுனா?"ன்னாரு அப்பா.

"இதுல அந்த மாதிரி பேட்டரி இல்லீங்ணா."

"அப்ப என்னதான் இருக்குது?"

அத்தை பொறகால போயி ஒவ்வொரு வயரா அமுக்கிப் பாத்துச்சு. அப்பத்தான் அப்பா அந்தச் சேதியச் சொன்னாரு. ஆத்தூர்ல இருந்து ஞாயித்துக்கெழம நாயம் பேச வர்றாங்களாம். அத்தையக் கையோட கூட்டிட்டுப் போறதுன்னு முடிவு பண்ணித்தான் வர்றாங்களாம். அப்பா அத்தையோட மூஞ்சியப் பாக்காம, "நான் வடக்க லோடு எடுத்துட்டுப் போறேன். ஞாயித்துக்கெழமைக்கு வந்துருவேன். அவங்க வர்றப்ப இது ஓடுச்சுன்னா இங்க இருந்துக்க. இது பொழப்புன்னு நான் அவங்ககிட்டச் சொல்லிக்கறேன். ஓடலீன்னா, நான் என்ன சாமி சொல்றது? அவங்க கூடப் போயிரு"ன்னாரு.

அதுக்கப்பறம் எங்க ஊட்டுல மூச்சு விட்டாலும் அது அந்தப் பொட்டியப் பத்தித்தான்.

மொதல்ல கரண்டு மேல சந்தேகம் வந்துச்சு. டயர் பட்டறையில மிஷின் போட்டா எங்க ஊட்டு பல்பு மஞ்சளாயிரும். அதனால அவங்க சோத்துக்குப் போற நேரமாப் பாத்துச் சுவிட்ச் போட்டோம். அரைச் சுத்து. ஃபிரிட்ஜுக்கு வெச்சிருந்த ஸ்டெபிலைசரக் கழட்டி இதுக்குப் போட்டோம். அரைச் சுத்து, பால் கெட்டுப் போனது மிச்சம். அப்பறம் அத்தை ரேம்னு ஒரு குட்டிப் பட்டைய வெளிய எடுத்து, "இந்தத் தங்கக் கலரு பல்லுல அழுக்கு இருந்தாலும் ஓடாது. ரப்பர் இருக்குதா சாமி?"ன்னு கேட்டுச்சு. எங்கிட்ட வாசன ரப்பர் ஒண்ணு இருந்துச்சு, ஸ்ட்ராபெரி வாசம். யாருக்கும் தராம வெச்சிருந்தது. அதுல தேச்சுத் தேச்சுப் பாதி ரப்பர் தேஞ்சு போச்சு. ரேமு மணத்துச்சு. ஓடல.

எனக்கு அத்தையோட வெசனம் ஒரு பக்கம், அந்த அரைச் சுத்து ஒரு பக்கம். ஏன் அரைச் சுத்து? ஓடறதுன்னா ஓடோணும், ஓடாதுன்னா சும்மா கெடக்கோணும். ஓடலாம்னு நெனச்சுட்டு உடனே வேண்டாம்னு நிக்கறதுக்கு அதுக்குள்ள யாரு உக்காந்துட்டு முடிவு பண்றாங்க? அத்தையக் கேட்டேன். "உள்ள எங்கயோ ஒண்ணு தொடக் கூடாதத் தொட்டுட்டிருக்குது. அதான் பயந்துட்டு நின்னுக்குது. எதுன்னுதான் தெரியல"ன்னுச்சு.

வெள்ளிக்கெழம ரெண்டு பேரும் சேலம் பஸ் ஏறுனோம். போர்டு, ரேமு, போர்டுக்குக் கரண்டு குடுக்கற டப்பா எல்லாத்தையும் கழட்டித் துண்டுல சுத்தி மடியில வெச்சுக்கிட்டோம். வெறும் பொட்டிய எதுக்குத் தூக்கிட்டுப் போகோணும்னு ஊட்டுலயே உட்டுட்டோம். கடைக்காரரு எல்லாத்தையும் மேசை மேல பரப்பி, வயரச் சொருகி, ஒரு தட்டுத் தட்டுனாரு. ஃபேனு சுத்துச்சு. முழுச் சுத்து! நிக்கவே இல்ல. "எல்லாம் நல்லாத்தானம்மா இருக்குது. உங்க ஊட்டுக் கரண்டப் பாரு"ன்னாரு. அத்தைக்குச் சந்தோசப்படறதா அழுகறதான்னு தெரியல. ஊட்டுக்கு வந்து பொட்டிக்குள்ள வெச்சுத் திருகாணி போட்டா, அரைச் சுத்து.

"அட கெரகமே!"ன்னு அம்மா தலையில கைய வெச்சுக்குச்சு.

சனிக்கெழம அத்தை பல்லக் கடிச்சுக்கிட்டு எல்லாத்தையும் வெளிய எடுத்துச்சு. கடைக்காரரு செஞ்சாப்புலயே மேசை மேல, போர்டு வந்த அட்டைப் பெட்டிய வெச்சு அதுக்கு மேல போர்ட வெச்சுச்சு. சுவிட்சு பொட்டியில இருக்குது, வெளிய ஏது? ரெண்டு ஊசி மாதிரி இருந்த எடத்த ஸ்குரூ டிரைவர் நுனியால தொட்டுச்சு. ஃபேனு ஓடுச்சு! ஒரு 'பீப்'! கருப்புத் திரையில வெள்ளை நம்பருக கடகடன்னு ஓடுச்சு. நான் குதிச்ச குதியில எக்ஸ்டென்ஷன் புடுங்கிட்டு வந்திருச்சு. அன்னிக்குப் பூராவும் அத்தை பிளாப்பி பிளாப்பியா மாத்திப் போட்டு, தமிழ் எழுத்து வர்றதுக்கு வேண்டியதெல்லாம் ஏத்துச்சு. ஆனாப் பொட்டிக்குள்ள வெச்சா ஓடல. எடுத்தா ஓடுது, வெச்சா நிக்குது. எத்தனை தடவைன்னு கணக்கே இல்ல.

பக்கத்தூட்டுப் பெரியம்மா வாசல்ல நின்னு இதையெல்லாம் பாத்துட்டு, "ஊட்டுக்குள்ள அடங்காதவ பூட்டுன மிஷினு, பொட்டிக்குள்ள எப்படி அடங்கும்?"ன்னுச்சு. அத்தை காதுல உழுவோணும்னே சொன்னது.

"உங்கூட்டு மிக்ஸி ரிப்பேரானப்ப அது எந்த ஊட்டுல அடங்காமப் போச்சுங்க்கா?"ன்னு அம்மா கேட்டுச்சு பாருங்க, பெரியம்மா மூணு நாளைக்கு எங்க பக்கம் தலை வெச்சுப் படுக்கல. அம்மா அப்படிப் பேசி நான் அதுக்கு முன்ன பாத்ததே இல்ல.

ஞாயித்துக்கெழம காத்தால அப்பா வந்தாரு. கண்ணு செவந்து கெடந்துச்சு. "ஓடுச்சா?"ன்னாரு. "வெளிய ஓடுதுங்ணா. பொட்டிக்குள்ள ஓடலீங்"ன்னுச்சு அத்தை. அவரு துண்ட எடுத்துக்கிட்டு தண்ணி வாத்துக்கப் போயிட்டாரு.

காருல வந்தாங்க. அத்தையோட மாமனாரும், அத்தையக் கட்டுன எங்க மாமாவும். மாமனாரு நாற்காலியில சாஞ்சு உக்காந்தாரு. மாமா நுனியில உக்காந்தாரு. அம்மா மோரு குடுத்துச்சு. மாமா மோர வாங்கிக்கிட்டு, டிவி மாதிரி இருந்த பெட்டியப் பாத்து, "இது கலரா?"ன்னு எங்கிட்டக் கேட்டாரு. அவங்கப்பா திரும்பிப் பாத்ததும் வாய மூடிக்கிட்டாரு.

"இதுதானாம்மா அது? என்னம்மா இது, கொடலெல்லாம் வெளிய கெடக்குது?"ன்னாரு மாமனாரு.

அத்தை ஸ்குரூ டிரைவர எடுத்துத் தொட்டுச்சு. பீப். சித்த நேரம் நாங்க எல்லாரும் கருப்புத் திரையவே பாத்துட்டிருந்தோம். அப்பறம் வெள்ளையா ஒரு பக்கம் வந்துச்சு. அத்தை கீபோர்டுல தட்டுச்சு. எலுமிச்சஞ்சாறு பட்ட ரெண்டு எழுத்து மட்டும் ஒட்டிக்கிட்டு, அமுக்குனா மெதுவாத்தான் மேல வரும். 'நல்வரவு'ன்னு தமிழ்ல வந்துச்சு. மாமா எந்திரிச்சுக் கிட்ட வந்து பாத்தாரு. "கலர்தான்"னு எங்காதுகிட்டச் சொன்னாரு.

"அதெல்லாம் சரி. பொட்டிக்குள்ள வெச்சு ஓட்டிக் காட்டு"ன்னாரு மாமனாரு. "ஓடினா இங்க இருக்கட்டும், ஓடலன்னா எங்களோட வரட்டும்னு உங்க அண்ணன்தான் போன்ல சொன்னாரு. இப்படிப் பரப்பி வெச்சுக்கிட்டா பொழப்பு நடத்துவ?"

எல்லாரும் அப்பாவப் பாத்தோம். "ஆமா சாமி. பாடி கட்டாம வண்டிய ரோட்டுல உட முடியாது"ன்னாரு. சொல்லிட்டு அவருக்கே ஆத்தரம் வந்திருச்சு. அத்தை மேலயா, மாமனாரு மேலயா, அந்தப் பொட்டி மேலயான்னு தெரியல. "என்ன எழவு மிஷினோ! தரையில ஓடற இன்ஜினு, சேசிஸ்ல ஏத்துனா ஓடலீன்னா..."

பாதியில நிறுத்திட்டாரு.

"ஓடலீன்னா?"ன்னுச்சு அத்தை. "சொல்லுங்ணா, ஓடலீன்னா என்ன அர்த்தம்?"

"இன்ஜின்ல ஒண்ணுமில்லன்னு அர்த்தம். அத நிக்க வெச்ச மவுண்டிங்கப் பாக்கோணும்."

அத்தை ஸ்குரூ டிரைவரக் கீழ வெச்சுச்சு. அப்பறம் ஓரமாக் கெடந்த வெறும் பொட்டிய வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துட்டு வந்து குந்த வெச்சு உக்காந்துச்சு. நானும் போயி ஒட்டிக்கிட்டேன். கரண்ட அணைச்சுட்டுப் போர்ட எடுத்துக் காலுக மேல சும்மா புடிச்சு, குனிஞ்சு, ஒவ்வொரு காலுக்கும் மேல போர்டுல திருகாணி ஓட்டை இருக்குதான்னு பாத்துட்டு வந்துச்சு. ஒரு காலுக்கு மேல ஓட்டையே இல்ல. நேரா போர்டோட அடிவயித்துல முட்டுது, ஈயம் பத்த வெச்ச புள்ளிக மேல. தொடக் கூடாதத் தொட்டுட்டிருந்தது அதுதான்.

"இத நான் வெக்கலையே"ன்னு அத்தை மொணகிக்கிட்டே அந்தக் கால வெரலால திருகுச்சு. மத்த காலெல்லாம் திருகுனாச் சுத்தும். இது அசையல. வெரல எடுத்துப் பாத்துச்சு. நுனியில கருப்பா பிசுபிசுன்னு. மோந்து பாத்துச்சு. என் மூக்குகிட்டயும் நீட்டுச்சு. எனக்கு மோந்து பாக்கவே வேண்டியதில்ல. என் இஸ்கோல் பொட்டி வாசம்.

அத்தை திரும்பி அப்பாவப் பாத்துச்சு. திட்டல, கத்தல. "அண்ணா, ஒரு சின்ன ஸ்பேனர் கொண்டாங்க"ன்னுச்சு.

அப்பா கொண்டு வந்து குனிஞ்சாரு. பாத்தாரு. அத்தை கைல குடுக்க நீட்டுன ஸ்பேனரத் திரும்ப இழுத்துக்கிட்டு, அவரே உக்காந்து அந்தக் காலக் கழட்டுனாரு. நல்லா முறுக்கியிருந்துச்சு, லேசுல வரல. கழண்டு வந்தத உள்ளங்கையில வெச்சுப் பாத்துட்டே இருந்தாரு.

"என்னப்பா அது?"ன்னாரு மாமனாரு.

"ஒண்ணுமில்லீங்க, எச்சா ஒரு கால் இருந்துச்சு"ன்னு அத்தை முந்திக்கிச்சு.

"நான் போட்டதுங்க"ன்னாரு அப்பா. "அவ கடைக்குப் போன நேரத்துல, ஒரு ஓட்ட காலியா இருக்குதேன்னு போட்டுட்டேன். காலியா இருந்தா எனக்கு மனசு கேக்காதுங்க. அவள ஒரு வார்த்த கேட்டிருக்கோணும். கேக்கலீங்க. கிரீஸ் தடவி நல்லா முறுக்கி வேற உட்டுட்டேன். ஓடல ஓடலன்னு அவளயே சொல்லிட்டிருந்தேன்." எங்கப்பா அழுது நான் பாத்தது அன்னிக்குத்தான்.

மாமனாரு சிரிச்சுட்டாரு. "ஒரு போல்ட்டுக்கா இத்தனை?"ன்னாரு. நானும் அப்பா போல்ட்டப் பத்தித்தான் பேசறாருன்னு நெனச்சேன். மாமா மட்டும் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. அம்மா முந்தானைய வாயில வெச்சுக்கிட்டு உள்ள போயிருச்சு.

அத்தை போர்ட வெச்சு, திருகாணி போட்டு, மூடிய மாட்டிச் சுவிட்ச அமுக்குச்சு. ஃபேனு சுத்துச்சு. சுத்துச்சு, சுத்திக்கிட்டே இருந்துச்சு. பீப். எனக்கு அந்தப் பொட்டியக் கட்டிப் புடிச்சுக்கலாம்போல இருந்துச்சு.

அப்பா எந்திரிச்சு மாமனாரு முன்னால கை கட்டி நின்னாரு. "அவ இங்கயே இருக்கட்டுங்க. அவளா வர்றேன்னு சொன்னா நானே கொண்டாந்து உடறேன். இனிமே அவளக் கேக்காம ஒண்ணும் வேண்டாங்க." மாமனாரு மோரக்கூடக் குடிக்காம எந்திரிச்சாரு. மாமா கார் வரைக்கும் போனவரு, திரும்பி வந்து, கையில இருந்த மோரு டம்ளரத் திண்டு மேல வெச்சுட்டுப் போனாரு.

கார் போனதும் அப்பா, "பழம் ஒண்ணு வெக்கட்டுமா சாமி?"ன்னு அத்தையக் கேட்டாரு. "வேண்டாங்ணா"ன்னுச்சு அத்தை. வெக்கல.

அத்தை திரும்பப் போகல. அதுக்கப்பறம் நடந்ததெல்லாம் தனிக் கதை. அத நான் இங்க சொன்னேன்னா அத்தை என்னைய உண்டு இல்லன்னு பண்ணிரும். சங்ககிரியில இருந்து திருச்செங்கோடு வரைக்கும் பாதிக் கல்யாணத்துக்குப் பத்திரிகை அது தட்டுனதுதான், அத மட்டும் சொல்லிக்கறேன். அந்தப் பித்தளைக் கால அப்பா லாரிச் சாவியில கோத்து வெச்சிருந்தாரு. லாரிய வித்தப்ப சாவியோட அதுவும் போயிருச்சு. இப்ப அது எந்த ஊரு ரோட்டுல, யாரு சட்டைப்பையில ஆடிட்டு இருக்குதோ.

நான் காலேஜு கடைசி வருசம் படிக்கறப்ப, அப்பா லைன்ல இருந்து வந்தாரு. டயரத் தட்டல, வண்டியச் சுத்தல. நேரா ஊட்டுக்குள்ள வந்து என் முன்னால நின்னாரு. லோடு ஏத்துன எடத்துல, டீக்கடையில, ஒருத்தரு பொண்ணு கேட்டாராம். நல்ல எடமாம். கையில கெடந்த கிரீஸத் துண்டுல தொடச்சுக்கிட்டே, "சாமி, இந்த ஓட்ட காலியாவே இருக்கோணுமா, இல்ல போல்ட்டு போடலாமா?"ன்னாரு.

"இப்பத்திக்கு இருக்கட்டுங்ப்பா"ன்னேன்.

"சரி"ன்னாரு. தடிய எடுத்துக்கிட்டு டயரு தட்டப் போனாரு. அடுப்படியில இருந்து அம்மா எட்டிப் பாத்து, "என்னுங்க சொன்னா?"ன்னு கேட்டுச்சு.

"காலியா இருக்கோணுமாம்"னாரு.